கதிர் ஆகாது

மார்கழி கடைசி வாரத்தில் காளியண்ணன் மூன்றாவது மூங்கிலையும் கோணல் என்று தள்ளினார்.

மூங்கில் கொண்டுவந்தவன் பூபதி, காளியண்ணனின் மனைவி ராமாயிக்கு உடன்பிறந்த தம்பி. மலைமேல் வாழவந்தி நாட்டில் அவர்கள் ஊரில் மிளகு பறிப்பு தொடங்கும் முன் ஒவ்வொரு வருஷமும் ஏணிக்கு மூங்கில் வெட்டித் தருவது அவன்தான். ஏணி என்றால் இரண்டு கால் வைத்துப் படி அடித்த ஏணி இல்லை. முப்பது அடிக்குக் குறையாத ஒற்றை மூங்கில். கணுவில் கிளைத்தவற்றை ஒரு சாண் விட்டு நறுக்கினால் அந்தத் துண்டுகள்தான் படி. அதை மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாய்த்துக் கட்டி, இடுப்பில் சாக்குப் பையோடு ஏறி, கொடியில் பழுத்த சரங்களைக் கிள்ளிப் பையில் போட வேண்டும். கழி நேராக இருந்தால் ஆளின் கனம் அடிவரை இறங்கும். வளைந்திருந்தால் கழி உருளும், ஆளைத் தள்ளிவிடும். ஆகையால் மூங்கில் பார்ப்பது தனி வேலை. கழியைத் தரையில் கிடத்தி, அடிப்பக்கம் குந்தி, இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் நுனிவரை பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்துச் சொல்வதில் அந்த ஊரில் காளியண்ணனுக்கு மேல் ஆள் கிடையாது. அவர் நேர் என்றால் நேர்.

“இதுவும் கோணல்தான் மாப்ள. நடுவுல வளைஞ்சிருக்குது.”

“எங்கீங்க மாமா வளைவு?”

“அஞ்சாங் கணுவுக்குப் பக்கத்தால பாரு. நாய் வாலாட்டம் நிக்குது.”

பூபதி குந்திப் பார்த்தான். எழுந்து, எதிர்ப்பக்கம் போயும் பார்த்தான்.

“மொதக் கழி கோணல்னீங்க, சரி. ரெண்டாவதும் கோணல்னீங்க. இதோட மூணு. மூணும் அதே அஞ்சாங் கணுவுலதான் வளையுமுங்களா? காட்டுல கூடிப் பேசி வெச்சுக்கிட்டு வளைஞ்சுதுங்களாட்ட இருக்குது.”

“மூங்கில் மேல என்ன தப்பு? வெட்டுனவன் கண்ணு கோணல்.”

“கண்ணை உடுங்க மாமா. கையை வெச்சுத் தடவிப் பாருங்க.”

“கண்ணு இருக்கறவனுக்குக் கை எதுக்குடா?”

பூபதி கழியைத் தூக்கி வீட்டுச் சுவரோரம் சாய்த்தான். “கெடக்கட்டும். கொடிக்குக் கொம்பா ஆவட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

ராமாயி வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாக அவள் கவனித்துக்கொண்டிருந்த விஷயம் ஒன்று உண்டு. எதிரில் நிற்கிறவர் முகத்தைக் காளியண்ணன் நேராகப் பார்ப்பதில்லை. தலையைக் கொஞ்சம் திருப்பிக் கண்ணோரத்தால் பார்க்கிறார். முந்தின நாள் களி உருண்டைக்குக் குழி பறித்துக் குழம்பு ஊற்றும்போது, குழிக்கு அந்தப் பக்கம் ஊற்றிவிட்டார்.

“ஏனுங்க, கோழி பாக்கறாப்பல பாக்கறீங்களே, என்னத்துக்கு?”

“உம் மூஞ்சியை நேராப் பாத்து அலுத்துப் போச்சு.”

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, பொங்கல் கழிந்ததும் செம்மேட்டில் கண் முகாம் போடுகிறார்கள் என்று ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போன தேதியை மனசில் வைத்துக்கொண்டாள்.

முகாம் பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடந்தது. சந்தைக்கு என்று சொல்லித்தான் ராமாயி அவரை பஸ் ஏற்றினாள். வரிசையில் நிறுத்திய பிறகு அவரால் திரும்ப முடியவில்லை, ஏனென்றால் முன்னாலும் பின்னாலும் தெரிந்தவர்கள். டாக்டர் சேலத்திலிருந்து வந்த இளம்பெண். விளக்கு அடித்துப் பார்த்தார், சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்துத் திரும்பவும் பார்த்தார். பிறகு, சின்னச் சின்னக் கட்டமாகக் கோடு போட்ட ஒரு அட்டையை நீட்டினார்.

“அய்யா, எடது கண்ணைக் கையால மூடிக்கங்க. நடுவுல இருக்கற புள்ளியைப் பாருங்க. கோடெல்லாம் எப்படி இருக்குது?”

“யாருங்க இதைப் போட்டது?”

“அச்சடிச்சதுங்க.”

“அச்சே கோணலா உழுந்திருக்குது. வரப்பாட்ட வளைஞ்சு போவுது. நடுவுல கட்டத்தையே காணோம், ஈரக்கை பட்டு அழிஞ்சாப்பல இருக்குது.”

“இப்ப வலது கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க.”

காளியண்ணன் பார்த்தார். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

“வேற அட்டை மாத்தீட்டீங்களா?”

“அதே அட்டைதானுங்க அய்யா.”

அவர் கையை இறக்கவில்லை. பக்கத்தில் நின்ற ராமாயிதான் பேசினாள். “அப்ப மூங்கில் மூணும் நேருதான்.”

டாக்டருக்கு அது புரியவில்லை. வரிசை நீண்டு நின்றது. அவர் வேகமாகவும் பொறுமையாகவும் சொன்னார். இது புரை இல்லை. புரை என்றால் எடுத்துவிடலாம். இது கண்ணுக்குப் பின்னால் இருக்கிற விழித்திரை. வலது கண்ணில் அதன் நடுவில் தழும்பு கட்டிவிட்டது. இன்னொரு கண் நன்றாக இருந்ததால் இத்தனை நாள் தெரியவில்லை.

“திரைதானுங்களே, அறுத்து எடுத்துப் போடுங்க” என்றாள் ராமாயி.

“எடுக்கற திரை இல்லீங்கம்மா. அதுலதான் பாக்கறதெல்லாம் படமா உழுவுது. அது போனாப் போனதுதான், திரும்ப வராது. எடது கண்ணுல இப்பத்தான் ஆரம்பம். அதைக் காப்பாத்திக்கணும். சேலத்துக்கு ஒரு தடவை வந்து ஸ்கேன் எடுக்கணும். என்ன வேலை பாக்கறீங்க அய்யா?”

“வெள்ளாமைதானுங்க” என்றார் காளியண்ணன். “ராகி, சாமை.” மரம் ஏறுவதை அவர் சொல்லவில்லை. சொன்னால் ஏறக்கூடாது என்பார்கள் என்று தெரியும்.

“வெயில்ல போகக் கூடாதுங்களா?” என்று ராமாயி கேட்டாள்.

டாக்டர் இங்கேதான் சொற்களைக் கவனமாக எடுத்தார். “வெயில் மட்டும்னு நெனச்சுக்காதீங்க. மூட்டமா இருந்தாலும் கதிர் இருக்கும். மலை மேல இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாவே இருக்கும். சின்ன வயசுல இருந்து கதிர் பட்டுப் பட்டுச் சேந்தது இப்பத் தெரியுது. வயசும் இருக்குது, பீடி குடிக்கறதும் இருக்குது, இதுவும் ஒரு காரணம். பீடியை உட்ருங்க. கதிர் இருக்கற எடத்துல இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கங்க. கதிர் கண்ணுக்கு ஆகாது.”

ஒரு கறுப்புக் கண்ணாடியும், கட்டம் போட்ட அட்டையும், இரண்டு பக்கம் அச்சடித்த ஒரு தாளும் கொடுத்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் காளியண்ணன் உட்கார்ந்திருந்தார். ராமாயி அந்தச் சொல்லையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“வெயிலுக்குச் சம்பந்தமில்லையாமுங்க. கதிர்தானாம்.”

“ம்.”

“நெசந்தான். அடிக்கறப்போ சொணை பறக்குதில்ல? ரெண்டு நாளைக்குக் கண்ணு செவந்து போவுதில்ல? வருஷா வருஷம் பட்டா என்னத்துக்கு ஆகும்? மலை மேல கதிர் ஜாஸ்தின்னு சேலத்துல இருக்கற புள்ளைக்கே தெரிஞ்சிருக்குது பாருங்க.”

“நம்மூருல எல்லாருந்தான் கதிர் அடிக்கறாங்க.”

“நீங்க நேத்திக்கா அடிக்கறீங்க? பால் குடி மறந்ததுல இருந்து களத்துல கெடக்கறீங்க. சேந்தது இப்பத் தெரியுதுன்னு சொன்னாங்கல்ல?”

அறுத்து வைத்த ராகிக் கதிர் களத்தில் தார்ப்பாய் போட்டுக் குவிந்து கிடந்தது. பொங்கல் கழிந்து அடிப்பதாக இருந்தது. ராமாயி அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். காளியண்ணன் இனிமேல் களத்துப் பக்கம் வரக்கூடாது. வந்தே ஆக வேண்டுமானால் கண்ணாடியோடு வர வேண்டும்.

“அப்ப நான் என்னதான் பண்றது?”

“மரத்துக்குப் போங்க. மரத்தைப் பத்தி அந்தம்மா ஒன்னுஞ் சொல்லலியே.”

மரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பது உண்மைதான். காளியண்ணன் சுவரோரம் கிடந்த மூன்றாவது மூங்கிலைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். வழியில் பார்த்த பூபதியிடம், “அதொன்னும் அத்தனை மோசமில்ல” என்று மட்டும் சொன்னார்.

தையில் அங்கே காலை பத்து மணிவரை பனிமூட்டம் இருக்கும். அது விலகும்போது வானம் நீலமாக இராது, சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துக் கிடக்கும். மிளகு பறிப்பவன் முகம் எப்போதும் மேலே பார்த்தபடி இருக்க வேண்டும். ஏறும்போது அடுத்த படி மேலே, பறிக்கும்போது அடுத்த சரம் மேலே. இலைக்கு நடுவில், வெளுத்த வானத்தை வைத்துத்தான் பழுத்தது எது காய் எது என்று பிரிக்க வேண்டும். காளியண்ணன் அந்த வேலையைப் பதிமூன்று வயதில் ஆரம்பித்தார். இப்போது வயது அறுபத்திரண்டு. கண்ணாடி போட்டுக்கொண்டு ஏறினால் எல்லாச் சரமும் ஒரே நிறமாகத் தெரிந்தது. அதனால் காலையில் கண்ணாடியைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டிவிட்டு மரத்துக்குப் போவார். மாலை களத்தைக் கடந்து வீட்டுக்கு வரும்போது ராமாயி ஆணியிலிருந்து எடுத்துக் கொடுப்பாள், அதைப் போட்டுக்கொள்வார். கதிர்க் குவியலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காப்பி குடிப்பார்.

“என்ன மாமா, சினிமாக்காரராட்டம்?” என்றான் பூபதி.

“உங்கக்கா ஏற்பாடு. நாங் கதிரைப் பாத்தாக் கதிருக்குக் கூச்சமாம்.”

ராமாயி தனியாகக் கதிர் அடித்தாள். அடிக்கும் கோல் அவள் உயரத்துக்கு அதிகம், தோள்பட்டை வீங்கியது. ராத்திரி நொச்சித்தழை வதக்கிக் கட்டிக்கொண்டாள். மிளகைக் காயவைக்கும்போது இன்னொன்றும் கண்டாள். பையில் பாதி பச்சைக் காய். பழுத்த சரங்களை அவர் கொடியிலேயே விட்டு வருகிறார். அவள் பச்சையை ஒதுக்கித் தனியாக வைத்தாளே தவிர, கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் அவர் நொண்டிக்கொண்டு வந்தார். முழங்காலிலிருந்து கணுக்கால்வரை தோல் வழண்டிருந்தது.

“என்னங்க ரத்தம்?”

“முள்ளு.”

“முள்ளு இப்படியா கோடு போடும்?”

“பெரிய முள்ளு.”

நடந்தது வேறு. இருபதடி உயரத்தில், படி இருப்பதாக நினைத்து அவர் கால் வைத்த இடத்தில் படி இல்லை. அது ஒரு விரற்கடை தள்ளி இருந்தது. கழியைக் கட்டிப் பிடித்து இரண்டு கணு சறுக்கி நின்றார். கீழே யாரும் இல்லை. அதனால் யாருக்கும் சொல்லவில்லை.

தைப்பூசத்துக்கு மகன் யுவராஜ் வந்தான். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை. மாதம் ஒரு தரம் வருவான். வந்தவன் வாசலில் பையை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தான். அவர் களத்துக்கு முதுகு காட்டிக் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பையை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெறும் கண்ணோடு தோட்டத்துக்குக் கிளம்பினார்.

“ஏனுங்கப்பா, இதென்னங்க? நெழல்ல கண்ணாடி போட்டுக்கறீங்க, வெயிலுக்குப் போறப்போ கழட்டி வெச்சுட்டுப் போறீங்க?”

“கதிர் ஆகாதாம் கண்ணு” என்றாள் ராமாயி. “கதிர் இருக்கற எடத்துல போட்டுக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அதான் அப்பா களத்துக்கு வந்தாப் போட்டுக்கறாரு. உனக்குப் போன்ல சொன்னா வேலையை உட்டுட்டு ஓடியாருவீன்னு சொல்லல.”

“எந்தக் கதிரும்மா?”

“ராகிக் கதிர்தான். சாமைக் கதிரும் சேத்தித்தான் இருக்கும்.”

யுவராஜ் அவளைப் பார்த்தபடி நின்றான். “தாளு ஏதாச்சும் குடுத்தாங்களா?”

ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்த தாளை அவள் எடுத்துவந்தாள். அதில் கண்ணைக் குறுக்கே வெட்டிய படம் ஒன்று இருந்தது. காளியண்ணன் அதை வெங்காயம் என்று நினைத்திருந்தார். யுவராஜ் தலைப்பைச் சத்தமாகப் படித்தான். “புற ஊதாக் கதிர்களும் விழித்திரையும்.” பிறகு கொஞ்ச நேரம் வாய்க்குள் படித்தான்.

“அம்மா, இது வெள்ளாமைக் கதிர் இல்ல. சூரியக் கதிர். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்.”

கழியைப் பிடித்துக் கட்ட வந்திருந்த பூபதிதான் முதலில் சிரித்தான். “அக்கா! கதிர் அடிக்காதீங்கன்னு சொல்லிக் கதிர் அடிக்கற எடத்துக்கே ஏத்தி உட்டியா?”

ராமாயி சிரிக்கவில்லை. கையிலிருந்த கோலைச் சுவரில் சாய்த்தாள். “வெயில் இல்லீன்னு அந்தம்மாதான் சொன்னாங்க” என்றாள். சொல்லி முடிக்கும்போதே சத்தம் குறைந்துவிட்டது.

“வெயில் மட்டும் இல்லீன்னு சொல்லியிருப்பாங்க. மூட்டம் போட்டாலும் இந்தக் கதிர் வரும்.”

“படிடா” என்றார் காளியண்ணன்.

யுவராஜ் படித்தான். “கண்வில்லை இக்கதிர்களில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. இளம் வயதில் வில்லை தெளிவாக இருப்பதால் ஒரு சிறு பகுதி விழித்திரை வரை சென்று, அங்குள்ள ஒளியுணர் செல்களைப் பாதிக்கிறது. இப்பாதிப்பு ஆண்டுக்கணக்கில் சேர்கிறது. இறந்த செல்கள் மீண்டும் வளர்வதில்லை. முதுமையில் நடுப்பார்வை குறைவதற்கு வயது, புகைப்பழக்கம், பரம்பரை ஆகியவற்றோடு இதுவும் ஒரு காரணமாகலாம்.”

“செல்லு அரிச்சிருச்சா உள்ள?” என்றார் காளியண்ணன். மரத்தை அரிக்கிற செல்லை, கரையானைத்தான் அவர் கேட்டார்.

“அந்தச் செல்லு இல்லீங்கப்பா. ஆனா அப்படியே வெச்சுக்கலாம். நடுவுல அரிச்சிருக்குது, சுத்தியும் நல்லா இருக்குது. அதான் கண்ணோரத்தால பாத்தாத் தெரியுது.” அவன் தாளை மடித்தான். “நான் ஒரு இஞ்சு இரும்பு ஒட்ட வெக்கறதுக்கு மூஞ்சி முழுக்க மூடிக்கறேன். மூடாமப் பாத்தா மண்ணள்ளிப் போட்டாப்பல ராத்திரியெல்லாம் உறுத்தும். ஆனா அது மேல் பக்கம். ரெண்டு நாள்ல ஆறீரும். உங்களுக்கு உறுத்தவே இல்ல. உறுத்தியிருந்தா அன்னிக்கே எறங்கியிருப்பீங்க.”

“நாப்பத்தொம்பது தை ஏறியிருக்கறேன்” என்றார் காளியண்ணன். இடுப்புப் பையை அவிழ்த்துப் பூபதியிடம் நீட்டினார். நீட்டும்போது வேட்டி விலகியதில் யுவராஜ் அந்தக் காயத்தைப் பார்த்தான்.

“இது என்னங்கப்பா?”

“முள்ளு” என்றாள் ராமாயி. “பெரிய முள்ளு.”

திங்கட்கிழமை யுவராஜ் அவரைச் சேலத்துக்குக் கூட்டிப்போனான். ஸ்கேன் எடுத்தார்கள். முகாமில் சொன்னதையே சொன்னார்கள். வலது கண் அவ்வளவுதான், இடது கண் ஆரம்பத்தில் இருக்கிறது, அப்படியே பல வருஷம் நிற்கவும் நிற்கலாம். ஆனால் தினமும் வலது கண்ணை மூடிக் கோடுகளைப் பார்க்க வேண்டும். என்றைக்குக் கோடு வளைந்து தெரிகிறதோ அன்றைக்கே வர வேண்டும். ஒரு வாரம் பொறுத்து வரலாம் என்றால், கண்ணுக்குள் போடுகிற ஊசிக்குக்கூடப் பலன் இருக்காது. கீழிறங்கும் பஸ்ஸில் எழுபது கொண்டை ஊசி வளைவு, ஏறும்போதும் அதே எழுபது. “அத்தனையும் வளைவாத்தானுங்கப்பா தெரிஞ்சுது?” என்று யுவராஜ் கேட்டதற்கு, “அதுல சந்தேகம் வேண்டாம்” என்றார்.

அதற்குப் பிறகு மாசிவரை வீட்டில் ஏற்பாடு இப்படி இருந்தது. உயரத்துக் கொடியைப் பூபதி பறித்தான். கை எட்டுவதை ராமாயி பறித்தாள். காளியண்ணன் தலையில் துண்டைக் கட்டி, கண்ணாடி போட்டுக்கொண்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டிக் கதிர் அடித்தார். பீடியை நாளுக்கு இரண்டாகக் குறைத்தார். குறைத்ததாகச் சொன்னார். கட்டம் போட்ட அட்டை அவருக்குப் பிடிக்கவில்லை. “கட்டத்துல என்னத்தைப் பாக்கறது? நம்ம கழி இருக்குது” என்று, சுவரோரம் திரும்ப வந்து சாய்ந்திருந்த அந்த மூன்றாவது மூங்கிலையே வைத்துக்கொண்டார். பூபதி தனக்கு வேறு கழி வெட்டிக்கொண்டான். காலையில் முகம் கழுவியதும் காளியண்ணன் வாசலில் உட்கார்ந்து, உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு மூங்கிலைப் பார்ப்பார்.

“நேரா இருக்குதுங்களா?” என்று ராமாயி உள்ளேயிருந்து கேட்பாள்.

“நேரா இருக்குது.”

தினமும் இதே கேள்வி, இதே பதில். பதில் வரும் வேகம்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. முள்ளு என்று சொன்னபோதும் அவர் இப்படித்தான் சட்டென்று சொன்னார். வளைந்து தெரிந்தால் இந்த மனிதர் சொல்வாரா என்று அவள் பூபதியிடம் கேட்டாள். பூபதி யோசித்துவிட்டு, “சொல்ல மாட்டாரு” என்றான்.

மாசி முதல் வாரம் ஒரு நாள், அவர் கொல்லைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அக்காளும் தம்பியும் சேர்ந்து மூங்கிலை மாற்றினார்கள். சுவரில் இப்போது சாய்ந்திருந்தது நிஜமாகவே கோணலான கழி. அஞ்சாம் கணுவில் அரை முழம் வெளியே தள்ளி நின்றது. பூபதி அதற்கென்றே தேடி வெட்டியது. அவன் போய்விட்டான். ராமாயி அடுப்படியில் நின்றாள்.

காளியண்ணன் வந்து உட்கார்ந்தார். வலது கண்ணைப் பொத்தினார். பார்த்தார். கையை எடுத்தார். துண்டால் இடது கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பொத்திப் பார்த்தார்.

“நேரா இருக்குதுங்களா?”

மூட்டம் இன்னும் விலகவில்லை. களத்தில் கோழிகள் ராகியைக் கிளறிக்கொண்டிருந்தன. அவர் எதிரே பார்த்தபடியே இருந்தார்.

“நேராத்தான் இருக்குது” என்றார்.

ராமாயி வெளியே வந்து நின்றாள். அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. கொஞ்சம் நேரம் கழித்து எழுந்து சுவரிடம் போனார். கண்ணை மூடிக்கொண்டு, இடுப்புயரத்தில் கழிமேல் உள்ளங்கையை வைத்து மேலே தடவிக்கொண்டே போனார். அஞ்சாம் கணுவுக்கு எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. குதிகாலைத் தூக்கி நின்றார். கை அங்கே வெளிப்பக்கம் திரும்பியது. அங்கேயே நின்றது. இறங்கி வந்து திரும்பவும் தடவினார். திரும்பவும் கை அதே இடத்தில் திரும்பியது.

“ஏ புள்ள” என்றார். “எவன் கொண்டாந்து வெச்சது இந்தக் கோணக் கழியை?”

“உங்க மாப்ளதான்.”

“தெரிஞ்சே வெச்சீங்களா?”

“தெரிஞ்சேதான். நீங்க எதுக்கு நேரா இருக்குதுன்னு சொன்னீங்க?”

காளியண்ணன் கழியில் வைத்த கையை எடுக்காமல் நின்றார். ராமாயியும் நின்றாள். அவள் அழுதுகொண்டிருக்கிறாள் என்பது அவருக்குக் கண்ணோரத்தில் தெரிந்தது.

“பழைய கழியை எங்க வெச்சிருக்கீங்க?”

“ஊட்டுக்குப் பின்னால.”

“எடுத்தாந்து வெய்யி. பாத்துட்டு நெசத்தைச் சொல்றேன்.”

அவள் போய் இழுத்துவந்து சாய்த்தாள். அவர் உட்கார்ந்தார், வலது கண்ணைப் பொத்தினார், அவசரப்படாமல் அடியிலிருந்து நுனிவரை பார்த்தார்.

“நேரு” என்றார். பிறகு, “நாளைக்கு நீ கேக்காத. நானே சொல்றேன்” என்றார்.

மூட்டம் விலகிக்கொண்டிருந்தது. களத்துக்கு இறங்கியவர் நாலு எட்டு வைத்துவிட்டு, வாசல் ஆணியிலிருந்து கண்ணாடியை எடுத்துத் தரச் சொல்லித் திரும்பாமலே கையை நீட்டினார்.